கடற்படை விமானிகள்ல நீங்க ரொம்ப மதிக்கிற ஒருத்தர் யாரு, ஏன்?

எரிக் பிரவுன். பிரிட்டிஷ் கடற்படைக்காரர். கூட இருந்தவங்க 'விங்கிள்'னு கூப்பிடுவாங்க, கடலோரப் பாறையில ஒட்டிட்டு இருக்குமே சின்ன நத்தை, அதோட பேரு. 5 அடி 7 அங்குலம்தான் உயரம், நம்மூருக்கு அது சாதாரணம், அவங்க ஊர்ல குட்டை. இந்த உயரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி சொல்றேன்.

இவரை எனக்கு ஏன் பிடிக்கும்னு சொல்லணும்னா எங்கப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்கணும். அப்பா 70கள்ல நம்ம விமானம் தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த்ல, டெக்ல, அதாவது விமானம் எறங்குற மேல்தளத்துல வேலை பார்த்தவர். நான் நாலாவது படிக்கிறப்ப, கப்பல்ல விமானம் எப்படிப்பா நிக்கும், இடமே பத்தாதேன்னு கேட்டேன். அம்மாவோட தையல் நூலை எடுத்து சாப்பாட்டு மேஜைக்குக் குறுக்கால நாலு வரிசை இழுத்துக் கட்டினார், ஒரு தீப்பெட்டியோட வால்ல ஊக்கை வளைச்சு மாட்டி, இதுதான் விமானம், இதுதான் கொக்கி, நூல்தான் டெக்ல இருக்குற கம்பி, தள்ளுன்னார். தள்ளினேன், மொத நூல் தப்பிடுச்சு, ரெண்டாவதுல மாட்டி நின்னுடுச்சு. ஈஸிதானேன்னு சிரிச்சேன். அப்பா ஒண்ணும் சொல்லாம மேஜையோட ஒரு பக்கத்தைத் தூக்கித் தூக்கி எறக்கிட்டே, இப்ப தள்ளுன்னார். பத்து தடவை தள்ளினேன், ஒரு தடவைகூட மாட்டல. தீப்பெட்டி கீழ விழுந்துட்டே இருந்துச்சு.

அந்த மேஜையில எரிக் பிரவுன் 2,407 தடவை எறங்கியிருக்கார். உலகத்துல வேற யாரும் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்துல வரல. கேட்டபுல்ட்னு சொல்ற உந்துவிசையில கிளம்பினது 2,721 தடவை. ஓட்டின விமான வகைகள் 487, இதுவும் உலக சாதனைதான், அதுவும் அடிப்படை மாடலை மட்டும் எண்ணினது, ஸ்பிட்ஃபயர்ங்கிற போர் விமானத்துல மட்டும் 14 விதம் ஓட்டியிருக்கார், எல்லாம் சேர்த்து ஒண்ணுன்னுதான் கணக்கு.

ஸ்காட்லாந்துல வளர்ந்தவர், எடின்பரோல படிச்சார். ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சதும் கடற்படை விமானப் பிரிவுல சேர்ந்து, 1941ல ஆடாசிட்டிங்கிற கப்பல்ல இருந்தார். அது ஜெர்மன்காரங்ககிட்ட இருந்து பிடிச்ச சரக்குக் கப்பல், மேல இருந்ததை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு சுமார் 450 அடிக்கு ஒரு டெக் போட்டுட்டாங்க, ஹேங்கர் கெடையாது, விமானங்க எல்லாம் மழையிலயும் உப்புத் தண்ணியிலயும் மேலயே நிக்கும். அங்க இருந்துதான் ஜெர்மனியோட காண்டோர் விமானம் ரெண்டை சுட்டு விழுத்தினார். நாலு இன்ஜின் வெச்ச பெரிய விமானம் அது, பின்னாடி, பக்கவாட்டுல எல்லாம் துப்பாக்கி இருக்கும், பக்கத்துல போக முடியாது. இவர் நேருக்கு நேரா மூக்குப் பக்கமா பாய்ஞ்சார். 1941 டிசம்பர் 21 ராத்திரி ஆடாசிட்டியை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிச்சிடுச்சு, நடுக்கடல்ல குளிர்ல விறைச்சே நெறைய பேர் போய்ட்டாங்க, இவர் பிழைச்சார்.

அதுக்கப்புறம்தான் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி மையத்துல டெஸ்ட் பைலட் ஆனார். இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. இவரைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் சாதனை எண்ணிக்கையைப் போட்டுட்டு, பயமே தெரியாத மனுஷன்னு முடிச்சிடுறாங்க. எனக்கு அப்படித் தோணல. இவர் அளவுக்கு முன்னாடியே உக்காந்து யோசிச்சவர் யாருமே இருந்திருக்க மாட்டாங்க. புது விமானம் வந்தா அதைப் பத்தி இருக்குறதை எல்லாம் படிச்சுட்டு, இது கெட்டுப் போனா என்ன பண்றது, அது கெட்டுப் போனா என்ன பண்றதுன்னு கைக்குப் பழக்கிட்டுதான் மேல போவார்.

1946 செப்டம்பர்ல டிஹெச் 108னு வால் இல்லாத ஒரு ஜெட், வேகமா கீழ பாயுறப்ப நடுவானத்துல ஒடைஞ்சு, ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் செத்துப் போனார், அந்த விமானத்தைச் செஞ்ச கம்பெனியை ஆரம்பிச்சவரோட மகன். என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்கணும்னா அதே மாதிரி விமானத்துல அதே மாதிரி பாயணும், அந்த வேலை பிரவுனுக்கு வந்துச்சு. ஒரு சோதனையில அதுவரைக்கும் வழுக்கிட்டு போன விமானம் திடீர்னு மூக்கை மேலயும் கீழயும் நொடிக்குப் பல தடவை ஆட்ட ஆரம்பிச்சிருக்கு. மோவாய் நெஞ்சுல போய் இடிக்குது, தலை பின்னாடி போய் அடிக்குது, திரும்ப நெஞ்சுல, திரும்ப பின்னாடி, கண்ணு தெரியாத நிலைமை. அந்த நேரத்துல எவனாலயும் யோசிக்க முடியாது. ஆனா இவர் ஏற்கனவே தரையில திரும்பத் திரும்பப் பழகி வெச்சிருந்தார், விமானத்தைத் திருப்புற ஸ்டிக்கையும் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலையும் ஒண்ணா, மெதுவா, பின்னாடி இழுக்கணும்னு. கை தானா இழுத்துச்சு, ஆட்டம் வந்த மாதிரியே நின்னு போச்சு. டி ஹாவிலண்டுக்கு கழுத்து முறிஞ்சிருந்தது, அவர் உயரமான ஆள். நான் குட்டையா இருந்ததும் நான் பிழைச்சதுக்கு ஒரு காரணம்னு பிரவுனே சொல்லியிருக்கார்.

1945ல ஹெலிகாப்டர் கத்துக்கிட்டதும் இப்படித்தான். அதுக்கு முன்னாடி அவர் அப்படி ஒரு மெஷினை ஓட்டினதே இல்ல. கத்துக் கொடுக்குறவர் எங்கன்னு கேட்டதுக்கு ஒரு ஆரஞ்சு கலர் புத்தகத்தைக் கையில கொடுத்து, இதுதான் வாத்தியார்னு சொல்லிட்டாங்க. கூட வந்தவரும் இவரும் அதைப் படிச்சு, எழும்பி எழும்பிப் பார்த்து, ஆளுக்கொண்ணா ஃபார்ன்பரோ வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டாங்க.

1945 டிசம்பர் 3 ரொம்ப முக்கியமான நாள். அன்னிக்குத்தான் முழு ஜெட் விமானம் மொத தடவையா ஒரு கப்பல்ல எறங்குச்சு, எச்எம்எஸ் ஓஷன்ல, சீ வேம்பயர் விமானம், ஓட்டினது பிரவுன். கடல் கொந்தளிச்சுட்டு இருந்த நாள் அது. அந்தக் காலத்து ஜெட் இன்ஜின் த்ராட்டிலைத் தள்ளினா உடனே கேக்காது, வேகம் ஏற நேரம் எடுத்துக்கும், புரொப்பெல்லர் விமானத்துல பண்ற மாதிரி கடைசி நொடியில சரி பண்ண முடியாது. அதனால கப்பல்ல ஜெட்டே சரிப்படாதுன்னு சொன்னவங்க உண்டு. இவர் எறங்கிக் காட்டினார். அதுக்கு முன்னாடி 1944 மார்ச்லயே மஸ்கீட்டோங்கிற ரெட்டை இன்ஜின் விமானத்தை எறக்கியிருந்தார், அதுவும் கப்பலுக்குன்னு செஞ்ச விமானமே இல்ல. சக்கரமே இல்லாத விமானத்தை ரப்பர் மெத்தை மாதிரி டெக்ல எறக்குற சோதனையும் இவர்தான் பண்ணினார், மொத முயற்சியில விமானம் நொறுங்கிடுச்சு, திரும்ப உக்காந்து பண்ணினார். அந்த ஐடியா நிலைக்கல.

இன்னொண்ணு. இவருக்கு ஜெர்மன் மொழி நல்லா வரும், போர் முடியுற நேரத்துல ஜெர்மன் விமானங்களைத் தேடிப் போனவரை பெர்கன் பெல்சன் வதை முகாமுக்கு உதவிக்குக் கூப்பிட்டாங்க. முகாம் கமாண்டர் கிராமரையும் இர்மா கிரேஸங்கிற காவல்காரியையும் விசாரிச்சது இவர். ஆயுசு முழுக்க அந்த முகாமோட நாத்தம் இவரை விடல. இதை எழுதாம இவர் வாழ்க்கையை எழுத எனக்கு மனசு வரல.

1951ல அமெரிக்காவுக்கு, பேட்டக்ஸண்ட் ரிவர் தளத்துக்கு அனுப்பினாங்க. பிரிட்டிஷ்காரங்க அப்ப கண்டுபிடிச்சிருந்த சாய்வான டெக், நீராவி கேட்டபுல்ட் இதையெல்லாம் அமெரிக்கக் கடற்படைக்கு எடுத்துச் சொன்னதுல இவருக்குப் பங்கு உண்டு. பழைய கப்பல்ல டெக் நேரா இருக்கும், கொக்கி கம்பியில மாட்டலைன்னா எதிர்ல தடுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வெச்ச விமானங்க, ஆளுங்க. டெக்கைக் கொஞ்சம் இடது பக்கமா சாய்ச்சுட்டா, தப்பினவன் அப்படியே கடல் பக்கமா மேல ஏறிப் போய்த் திரும்பி வரலாம். இந்த ரெண்டும் 1961ல வந்த நம்ம விக்ராந்த்ல இருந்துச்சு. கொக்கி மாட்டுற நொடியில சீ ஹாக் ஜெட்டோட இன்ஜின் ஃபுல்லா அலறும், நெஞ்சுக்குள்ள அதிரும்னு அப்பா சொல்வார். நிக்குறதுக்கு ஏன் வேகத்தை ஏத்துறாங்கன்னு எனக்குச் சின்ன வயசுல புரியல, தப்பிச்சா பறக்கணுமே, அதுக்குத்தான்.

பிரவுன் 1970ல கேப்டனா ரிட்டையர் ஆனார், அட்மிரல் ஆகல. அது எனக்கு இன்னும் வருத்தம். 2016 பிப்ரவரியில, தொண்ணூறு வயசைத் தாண்டி, உடம்பு சரியில்லாம போய் சேர்ந்தார். அத்தனை விமானத்துல ஒண்ணுகூட அவரைக் கொல்லல.

அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அப்ப அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், 2,407ன்னு ரெண்டு தடவை சத்தமா சொன்னேன். கொஞ்ச நேரம் விரலால மேஜையைத் தடவிட்டே இருந்தார், பழைய மேஜைதான் அது. அப்புறம் கேட்டார், "ஒவ்வொரு தடவையும் அவர் எறங்கினதும் கொக்கியை எடுத்துவிட்டு, கம்பியை மறுபடி இழுத்து வெச்ச பசங்க இருப்பாங்கல்ல, அவங்க பேர் எங்கயாச்சும் போட்டிருக்காடா?"