ரோயிங் கேள்வி பதில்: தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டதும் பெற்றோர் கேட்டதும்

சிலாங்கூரில் நம் பெஸ்தாரி ஜெயா தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ரோயிங் (துடுப்புப் படகோட்டப் போட்டி) பழகும் இயந்திரத்தை வைத்துப் பிள்ளைகளை இழுத்துப் பார்க்கச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நானும் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் படகு பிடித்தேன், இப்போது புத்ராஜெயா ஏரியில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை.

அக்கா, நான் படிவம் நான்கு. உயரம் 172. நெட்பால் விளையாடுவேன். படகில் ஏறியதே இல்லை. இனிமேல் ஆரம்பித்தால் தேசிய அளவுக்குப் போக முடியுமா, ரொம்ப லேட்டா?

லேட்டே இல்லை தங்கச்சி. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் வேறு பேச்சு. நீச்சலும் அப்படித்தான், ஏழெட்டு வயதில் குளத்தில் இறங்கியிருக்க வேண்டும். ரோயிங்கில் உலகத்தின் உச்சிக்குப் போன பெண்கள் பலர் பள்ளியை முடித்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார்கள்.

பிரிட்டனின் ஹெலன் குளோவரை எடுத்துக்கொள். உடற்கல்வி ஆசிரியை. 2007ல் அங்கே உயரமான விளையாட்டாளர்களைத் தேடி ஒரு திட்டம் நடத்தினார்கள், பெண்கள் 180 செ.மீ. இருக்க வேண்டும் என்றார்கள். இவருக்குக் கொஞ்சம் குறைச்சல், அளக்கும்போது குதிகாலைத் தூக்கி நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். 2008ல் படகு பழகத் தொடங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஹெதர் ஸ்டானிங்கோடு சேர்ந்து தங்கம், 2016ல் ரியோவிலும் தங்கம். கேத்ரின் கிரெய்ஞ்சர் எடின்பரோவில் சட்டம் படிக்கப் போன இடத்தில்தான் படகு பிடித்தார். 2000 முதல் 2016 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் பதக்கம்: நான்கு வெள்ளி, நடுவில் லண்டனில் ஒரு தங்கம். இதற்கிடையில் சட்டத்தில் முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார்.

உன் வயதில் ஆரம்பிப்பது தடை இல்லை. எஸ்பிஎம் (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) முடிந்த கையோடு விட்டுவிடுவதுதான் தடை. இங்கே நான் பார்த்த நல்ல பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் காணாமல் போனார்கள், உடம்பு சரியாகத் தயாராகத் தொடங்கும் நேரம் பார்த்து. படிவம் ஆறோ, டிப்ளோமாவோ, வேலையோ, எங்கே போனாலும் பக்கத்தில் தண்ணீரும் பயிற்சியாளரும் இருக்கிற இடமாகப் பார். அதை இப்போதே வீட்டில் பேசி வை.

டீச்சர், நான் இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் மாணவிகள் டிராகன் படகு ஓட்டியிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதானே? கைவலு உள்ள பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

சார், இரண்டும் வேறு. டிராகன் படகில் முன்னால் பார்த்து உட்கார்ந்து, துடுப்பைக் கையில் பிடித்துக் குத்துகிறோம். ரோயிங்கில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறோம், துடுப்பு படகோடு பூட்டப்பட்டிருக்கும், பாதம் பலகையில் கட்டப்பட்டிருக்கும், இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். ஆளுக்கு இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல்லிங், ஒன்று என்றால் ஸ்வீப்.

இருக்கை ஓடுவதால்தான் இது கால் விளையாட்டு ஆகிறது. செம்பனைக் குலையைத் தூக்குகிற ஆட்களைப் பாருங்கள், பழகினவர் முழங்காலை மடக்கிக் காலால் எழும்புவார், புதியவர் முதுகை வளைத்து இழுத்து மறுநாள் படுத்துவிடுவார். படகிலும் அதே கதைதான். துடுப்பின் இலை தண்ணீரைக் கவ்வுகிற அந்த நொடியில் கை நீட்டியபடியே இருக்க வேண்டும், காலால் பலகையைத் தள்ள வேண்டும், கால் நீண்ட பிறகு முதுகு சாயும், கடைசியில்தான் கை மடங்கி மார்புக்கு வரும். புதுப் பிள்ளைகள் எல்லாரும் கையை முதலில் மடக்குவார்கள். இயந்திரத்தில் அது தெரியாமல் போகும், ஒற்றையர் படகில் உடனே தெரிந்துவிடும். அந்தப் படகு சுமார் எட்டு மீட்டர் நீளம், இடுப்பளவுதான் அகலம், போட்டி விதிப்படி குறைந்தபட்ச எடையே 14 கிலோதான். ஒரு கை கொஞ்சம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் சாயும், சில சமயம் ஆளே தண்ணீரில் இருப்பாள்.

ஆகவே கைவலுவைப் பார்க்காதீர்கள். நெட்டையான, நீண்ட கைகால் உள்ள, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைக் குறை சொல்லாமல் முடிக்கிற பிள்ளையைப் பாருங்கள். நீந்தத் தெரிவது கட்டாயம். தெரியாவிட்டால் முதலில் நீச்சல், அப்புறம்தான் படகு.

அக்கா, நான் 157தான். இயந்திரத்தில் என் நேரம் நன்றாக இருந்தது என்றீர்கள். குள்ளமானவர்களுக்கு இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதவே மனசு கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். 1996 முதல் ஒலிம்பிக்கில் எடை குறைந்தோர் பிரிவு இருந்தது. பெண்களுக்கு உச்ச எடை 59 கிலோ, படகில் இருக்கும் இருவரின் சராசரி 57. நம்மைப் போன்ற உடல்வாகுள்ள ஆசியப் பெண்களுக்குத் திறந்திருந்த கதவு அதுதான். 2024 பாரிஸோடு அதை மூடிவிட்டார்கள். அது தவறான முடிவு என்பது என் கருத்து. பெரிய படகுகளில் பதக்கம் வாங்குகிற பெண்கள் பெரும்பாலும் 180ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறார்கள்.

ஆனால் உனக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, காக்ஸ்: எண்மர் படகில் திசை பிடித்து, வேகத்தைக் கணித்து, எட்டுப் பேருக்கும் குரல் கொடுக்கிற ஆள். எடை குறைவாக இருப்பதே அங்கே நல்லது, 55 கிலோவுக்குக் குறைந்தால் படகில் எடை சேர்த்துக்கொள்வார்கள். இன்னொன்று கடற்கரை ரோயிங். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக வருகிறது. மணலில் ஓடிப் போய்ப் படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றி 250 மீட்டர் போய், நேராகத் திரும்பி, மறுபடி மணலில் ஓடி முடிக்க வேண்டும். அங்கேயும் உயரம் உதவும்தான், ஆனால் ஓட்டமும் அலையைப் படிக்கிற கண்ணும் சேர்வதால் குள்ளமான பிள்ளைக்கு வாய்ப்பு கூடுதல். மோரிப் கடற்கரை நமக்கு அவ்வளவு தூரமா என்ன!

பிள்ளையைப் போட்டிக்குத் தயார்செய்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார்களா? என் மகள் ஏற்கெனவே ஒல்லி. மாதவிலக்கு தள்ளிப்போகும் என்றும் சொல்கிறார்கள்.

அம்மா, இதைக் கேட்டதற்கு நன்றி, பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. உச்ச நிலையில் ஒரு பெண் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பயிற்சி செய்வாள். பெரும்பகுதி மெதுவான, நீண்ட ஓட்டு, நிமிடத்துக்கு 18, 20 துடுப்பு வீச்சு. பந்தயத்தில்தான் 34, 36 என்று ஏறும். அவ்வளவு உழைக்கிற உடம்புக்குச் சாப்பாடு போதாவிட்டால் முதலில் நிற்பது மாதவிலக்குதான். பயிற்சி என்றால் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது எச்சரிக்கை. எலும்பு பலவீனமாகும், ரோயிங் பெண்களுக்கு விலா எலும்பில் மெல்லிய விரிசல் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வளர்கிற பிள்ளையிடம் எடையைக் குறை என்கிற பயிற்சியாளர் இருந்தால் அவரை மாற்றுங்கள். காலைப் பயிற்சிக்கு முன் ஒரு மைலோவும் வாழைப்பழமும், முடிந்ததும் வயிறு நிறையச் சோறு, முட்டை, கீரை, பருப்பு.

ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டைகள் இங்கே நிறைய இருக்கே. புத்ராஜெயா வரைக்கும் எதற்கு, இங்கேயே ஒரு படகைப் போட்டுப் பழகலாமே?

வேண்டாம் அண்ணே, தயவுசெய்து வேண்டாம். ஈயக்குட்டையின் கரை செங்குத்தாக இறங்கும், இரண்டு அடி வைத்தால் ஆழம், கரையேறப் பிடிமானம் இருக்காது. கவிழ்ந்தால் தூக்க மோட்டார் படகில் பயிற்சியாளர் பின்னாலேயே வரவேண்டும், அந்த வசதி இல்லாத எந்தத் தண்ணீரிலும் பிள்ளையை இறக்காதீர்கள். முதல் சில மாதங்கள் இயந்திரமே போதும். அதை இங்கேயே செய்யலாம். வார இறுதியில் தண்ணீருக்குப் போக நாலைந்து பெற்றோர் சேர்ந்து வேன் பிடித்தால் செலவு தாங்கும்.

நான் ரவாங்கில் தொழிற்சாலை வேலை, 23 வயது. ரோயிங்கில் இருந்து பிழைக்க முடியுமா?

பெரும்பாலானவர்களுக்கு முடியாது. பரிசுப் பணம் கொட்டுகிற விளையாட்டு இல்லை இது. தேசிய அணியில் சேர்ந்தால் படித்தொகை, தங்குமிடம், சாப்பாடு என்று ஏற்பாடு இருக்கும், அதுவரை வேலையை விடாதே. பக்கத்துச் சிங்கப்பூரின் சையிதா ஆயிஷா வேலைக்கு விடுப்பு போட்டு, பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஆஸ்திரேலியாவில் பயிற்சி எடுத்து, 2016 ரியோவுக்குத் தகுதி பெற்றார். ஒலிம்பிக்கில் படகோட்டிய முதல் சிங்கப்பூரர் அவர். அடுத்து டோக்கியோ போன ஜோன் போ ஒரு தாதி. படகும் நீ வாங்க வேண்டாம். நல்ல புதுப் படகு பல பத்தாயிரம் ரிங்கிட், அது சங்கத்தின் சொத்தாகத்தான் இருக்கும்.

எத்தனை வயது வரை ஓட்டலாம்? கல்யாணம், குழந்தை என்று ஆனால் முடிந்ததா?

ருமேனியாவின் எலிசபெத்தா லிப்பா 1984ல் முதல் தங்கம் வாங்கினார், ஐந்தாவது தங்கம் 2004ல். பெலாருஸின் எகத்தெரினா கார்ஸ்தன் ஏழு ஒலிம்பிக் போனவர். நியூசிலாந்தின் எம்மா டுவிக் லண்டனிலும் நான்காவது, ரியோவிலும் நான்காவது, விலகிப் போய்த் திரும்பி வந்து டோக்கியோவில் ஒற்றையர் தங்கம் எடுத்தார், பாரிஸில் வெள்ளி. மேலே சொன்ன ஹெலன் குளோவர் மூன்று பிள்ளை பெற்ற பிறகு வந்து டோக்கியோவில் நான்காவது, பாரிஸில் 38 வயதில் நால்வர் படகில் வெள்ளி. வீட்டில் துணை இருந்ததால் முடிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பெண்ணிடம் போய் இவரைப் பார் என்று சொல்வது நியாயமில்லை.

உடை எப்படி? இறுக்கமான உடை போட வேண்டும் என்றால் அவள் அப்பா விடமாட்டார்.

போட்டியில் அணி உடை ஒட்டினாற்போல்தான் இருக்கும். பயிற்சிக்கு முழுக்கால் லெக்கிங்ஸ், முழுக்கை டீசட்டை போடலாம், வெயிலுக்கும் அதுவே நல்லது. தொளதொளவென்று மட்டும் வேண்டாம்: அரைக்கால் சட்டையின் துணி இருக்கைச் சக்கரத்தில் மாட்டும், சட்டையின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரல் சிக்கித் துடுப்பு கை நழுவிப் போகும். அப்பாவையும் ஒரு நாள் ஏரிக்குக் கூட்டி வாருங்கள், நேரில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பிள்ளைக்குத் தொப்பி, இரண்டு போத்தல் தண்ணீர், மாற்று உடை, கைக்கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர். கையுறை வாங்க வேண்டாம், தோல் தானே பழகிவிடும்.