வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஃபிளாஸ்க்

கேள்வி: அக்கா, சிங்கப்பூரில் துவாஸில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கிறேன். சூப்பர்வைசர் பேன்ட்ரியில் உரசிக்கொண்டு நிற்பார், தோளில் கை போடுவார். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "தூங்கிட்டியா, என்ன டிரெஸ்?" என்று கேட்கிறார். இப்போது தேநீரை வீட்டிலிருந்தே ஃபிளாஸ்கில் கொண்டுபோகிறேன். புகார் செய்தால் பாஸ் போய்விடும் என்கிறாள் அறைத்தோழி. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லைம்மா. அந்த ஃபிளாஸ்க்கை நினைத்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தேநீருக்காக நீங்கள் வழியை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அவர் கொண்டுவந்து விட்டுவிட்டார். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

இன்று இரவே எழுத உட்காருங்கள். நாள், மணி, இடம், அவர் சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார் என்பதெல்லாம் வேண்டும். "செவ்வாய், காலை 10.20, பேன்ட்ரி. தோளில் கை வைத்தார், விலகினேன். ஸ்டோர் அண்ணன் வந்ததும் கையை எடுத்தார்." இப்படி எழுதினால் போதும். அந்த அண்ணன் வந்ததும் கையை எடுத்தார் என்றால், தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். ஆபீஸ் கணினியில் வைக்க வேண்டாம்.

அப்புறம் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் புகார் கொடுங்கள். வாய்ப் பேச்சாக முடித்துவிடாதீர்கள். "அவருடன் தனியாக வேலை செய்யும்படி வைக்காதீர்கள்" என்பதையும் அதிலேயே கேளுங்கள். அவர்கள் மழுப்பினால் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு அமைப்பான டஃபெப்பிடம் (TAFEP) போகலாம். பணியிடத் தொல்லைப் புகார்களை அவர்கள் கவனிப்பார்கள்.

மானபங்கம் செய்யும் நோக்கத்தோடு தொடுவது இங்கே குற்றம். 2022 முதல் அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. அதற்கு நேராகப் போலீஸுக்கே போகலாம், கம்பெனியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. ராத்திரிச் செய்திகள் நிற்கவில்லை என்றால், துன்புறுத்தலுக்கு எதிரான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பெண்கள் அமைப்பான அவேர் நடத்தும் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையத்தில் பேசுங்கள். போலீஸ் நிலையத்துக்குக் கூடவே வரவும் அங்கே ஆள் உண்டு.

சரி, பாஸ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் தோழியின் பயம் பொய்யில்லை. பாஸை ரத்து செய்ய முதலாளியால் முடியும், அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு அனுப்பினால் அது தவறான பணிநீக்கம். கட்டாயப்படுத்தி ராஜினாமா எழுத வைத்தாலும் அப்படித்தான். கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் முறையிட வேண்டும், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். எந்தத் தாளை நீட்டினாலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கி வையுங்கள். விமானம் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினால் முதலில் மனிதவள அமைச்சுக்குப் போங்கள்.

இந்தப் பதிலை உங்கள் அறைத்தோழியிடமும் காட்டுங்கள். நீங்கள் எழுதி வைப்பதன் ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும்.