பந்தல் போட்டாச்சு, பிள்ளைகளைக் காணோம்

குடியாத்தம், காட்பாடி பக்கம் 16 வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன், சின்னச் சின்ன அறிவியல் சோதனைகள் செய்து காட்டுகிறேன். காசு வாங்குவதில்லை. காலி ஜமுக்காளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு அதிகம் என்பதால், பிள்ளைகளுக்கு இப்படி நிகழ்ச்சி நடத்துபவர்கள் கேட்ட இந்தக் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே (சத்துவாச்சாரி): அண்ணா, மே மாதம் பத்து நாள் இலவச ஓவிய முகாம் வைத்தோம், காலை 10 முதல் 1 வரை. போனில் பதிவு செய்தவர்கள் 60 பேர். முதல் நாள் 19 பேர், நான்காம் நாள் 7 பேர். இலவசம் என்றால் மதிப்பே இல்லையா?

ப: வேலூரில், அக்னி நட்சத்திரத்தில், பத்து மணிக்கா! மே 4 முதல் 28 வரை இந்த ஊரில் காக்காய்கூட மதியம் வெளியே வராது. ஒரு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக அம்மாவும் அந்த வெயிலில்தான் வரவேண்டும். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் போய் வர நான்கு டிக்கெட். அதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், இலவசம் யாருக்கு என்று தெரியும்.

காலை 6.30 முதல் 8.30 வரை வையுங்கள். அந்த நேரத்தில் கோட்டை மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், யாரும் கூப்பிடாமலே பசங்க கிரிக்கெட் மட்டையோடு நிற்பார்கள். பத்து நாள் தொடர்ச்சியும் வேண்டாம். விடுமுறையில் பாதிப் பேர் பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள். நான்கு நாள் போதும். போனில் பதிவு என்பது கட்டைவிரல் வேலை. மூன்றில் ஒரு பங்கு வந்தால் நல்ல வருகை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கே (குடியாத்தம்): போன வருடம் மே மாத நடுவில் புத்தக வாசிப்பு வைத்தோம் சார். ஒருத்தர்கூட வரவில்லை.

ப: வைகாசி 1 ஆம் தேதியா? கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்குக் குடியாத்தத்தில் வாசிப்பு வைத்தவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்கவேண்டும். அதற்கு முன்பின் இரண்டு நாளும் உங்களுக்குக் கிடைக்காது. ஆடிக் கிருத்திகையும் அப்படித்தான், காவடி எடுக்காத வீட்டிலும் விருந்தாளி இருப்பார்கள். தேதி வைக்கும் முன் தெருமுனை மளிகைக் கடைக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரியாத விசேஷம் ஊரில் இல்லை.

கே (பேரணாம்பட்டு): எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அக்கறை இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

ப: சொல்லாதீர்கள். ஒரு மதியம் அவர்கள் திண்ணையில் போய் உட்காருங்கள். முறத்தை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி... கூலி ஆயிரம் பீடிக்குத்தான் கணக்கு. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் முனை மடக்கக் கைகொடுக்கும், இல்லையென்றால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளும். அது இரண்டு மணி நேரம் உங்களிடம் வந்தால் அன்றைக்கு எண்ணிக்கை குறையும். பிள்ளைகளைப் பீடி வேலையில் விடக்கூடாது என்பதுதான் சட்டம், என் கருத்தும் அதுதான். ஆனால் அதை வாசலில் நின்று பிரசங்கம் செய்தால் அடுத்த வாரம் கதவு திறக்காது.

நான் செய்தது இதுதான். மண்டபத்தை விட்டுவிட்டு, அவர்கள் தெரு வேப்பமரத்தடிக்குக் கதையைக் கொண்டுபோனேன். அம்மாக்கள் வேலையை நிறுத்தவேண்டியதில்லை, பிள்ளை கண்ணெதிரே இருக்கிறது, கைக்குழந்தையும் பாயில் தவழ்கிறது. ஒருநாள் நரிக் கதை ஒன்றின் முடிவை மாற்றிச் சொன்னேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு அம்மா, "இன்னா சார், நரி அப்பிடியா செஞ்சுது?" என்றார். அன்றைக்கு மீதிக் கதையை அவர்தான் சொன்னார். மறுவாரம் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை எனக்கு இல்லை.

2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பித்தபோது அதே தெருப் பெண்களையே தன்னார்வலராகப் போட்டு, சாயங்காலம் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் வகுப்பு வைத்தார்கள். பாடத்திட்டம் பற்றி ஆயிரம் பேசலாம், ஆனால் அந்த நடைதூரக் கணக்கு சரியான கணக்கு.

இன்னொன்று: உங்கள் ஊரில் நோட்டீஸை உருதுவிலும் அடியுங்கள். பிள்ளைகள் மதரசாவுக்கு ஓதப்போகும் நேரத்தைப் பள்ளிவாசலில் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள். ரம்ஜான் மாதத்தில் சாயங்கால நிகழ்ச்சி வேண்டாம்.

கே (காட்பாடி): அஞ்சு ரூபாய் கட்டணம் வைத்தால் பொறுப்போடு வருவார்கள் என்கிறார் எங்கள் பொருளாளர்.

ப: அஞ்சு ரூபாய் கொடுக்க முடிந்தவர் வருவார், முடியாதவர் கூச்சப்பட்டு நின்றுவிடுவார். யாருக்காக நடத்துகிறீர்களோ அவர்தான் விடுபட்டுப் போவார். அதற்குப் பதில் பிள்ளையின் பெயரை நீங்களே கையால் எழுதி ஒரு அட்டை கொடுங்கள். தன் பெயர் போட்ட அட்டையைப் பிள்ளைகள் தொலைக்கமாட்டார்கள். ஞாயிறு வந்தால் அம்மாவை நச்சரிப்பதும் அவர்களேதான்.

கே (ஆற்காடு): சுண்டல் கொடுத்தால் கூட்டம் வருகிறது. சுண்டலுக்காக மட்டும் வருகிறார்களே, அக்கா ஒருத்தர் அது தப்பு என்கிறார்.

ப: வரட்டுமே. நாம் கல்யாணத்துக்கு எதற்குப் போகிறோம்? ஒரு சின்ன யோசனை மட்டும்: சுண்டலைக் கடைசியில் கொடுக்காமல் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பள்ளியில் மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதை காதில் ஏறாது.

கே (ராணிப்பேட்டை): சிறப்பு விருந்தினர் வந்தால் கூட்டம் கூடுமா?

ப: கூடும், ஒரே ஒரு தடவை. ஒருமுறை நானும் ஒரு பெரிய மனிதரை அழைத்தேன். ஒன்றே கால் மணி நேரம் தாமதமாக வந்தார். அப்புறம் பொன்னாடை, அப்புறம் பேச்சு, அப்புறம் போட்டோ. பலூன் ராக்கெட் செய்யலாம் என்று வந்த பிள்ளைகள் கைதட்டிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். தப்பு அவர் மேல் இல்லை, அழைத்த என்மேல்தான்.

கே (கே.வி.குப்பம்): ஆறாம் வகுப்பு தாண்டினால் பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

ப: முதலில் முடியும் நேரத்தைப் பாருங்கள். இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டும். நடத்துபவர்களில் அதே தெருப் பெண் ஒருவராவது இருக்கவேண்டும், அவரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போகவேண்டும். தம்பி தங்கையோடு வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அக்காமார்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். இவ்வளவு செய்தும் எனக்குப் பாதிப் பேர்தான் தங்குகிறார்கள்.

கே (அணைக்கட்டு): காவலூர் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. அது முடியாததால் எங்கள் ஊரிலேயே நிலாப் பார்க்கும் இரவு நடத்த நினைக்கிறோம். ஆள் வருவார்களா?

ப: வருவார்கள். வெயில் இல்லை, அப்பாக்கள் வேலை முடிந்து வந்திருப்பார்கள். காவலூரில் 1986 முதல் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி பெரிய விஷயம்தான், ஆனால் மலை ஏறி இரவில் திரும்பவேண்டும். உங்கள் சின்னக் கருவியிலேயே நிலாப் பள்ளங்கள் தெரியும், வியாழன் எழுந்திருந்தால் அதன் நான்கு நிலாக்களும் தெரியும். பௌர்ணமி அன்று வைக்காதீர்கள், நிழல் இல்லாமல் நிலா தட்டையாகத் தெரியும். அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் அரை நிலா, அதுதான் நாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்தை நம்ப முடியாது, ஜனவரியிலிருந்து மார்ச் வரை பாருங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு ஒரு மணி நேரம். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒருத்தர் வானத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே இருக்கவேண்டும்.

கே (திருவலம்): நாலே பேர் வந்தால் ரத்து செய்யலாமா?

ப: கூடாது. அந்த நாலு பேர் வீட்டுக்குப் போய், "யாரும் வரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று தெருவுக்கே சொல்லிவிடுவார்கள்.

கே (வேலப்பாடி): இந்த ஞாயிறு மழை வரும்போலிருக்கிறது. குழுவில் "நிகழ்ச்சி இல்லை" என்று போட்டுவிட்டால் போதுமா அண்ணா?

ப: போடுங்கள். போட்டுவிட்டு நாலு மணிக்கு ஒருத்தர் குடையோடு அந்த இடத்தில் நில்லுங்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை ஒன்றாவது நனைந்துகொண்டு வரும்.