'ஷ்யூர்லி' என்று எழுதினால் விருந்தினர் ஏன் தயங்குகிறார்?

கானாடுகாத்தான் வீட்டில் தங்க வரும் லண்டன்காரருக்கு 'ஷ்யூர்லி தி கார் வில் கம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோ, கார் உறுதியில்லையா என்று திருப்பிக் கேட்கிறார். அவர் மேல் தப்பில்லை.

நாம் ஷ்யூர்லியைக் 'கண்டிப்பாக' என்றே பழகிவிட்டோம். பிரிட்டிஷ்காரர் காதில், வாக்கியத் தொடக்கத்தில் வரும் ஷ்யூர்லி 'வந்துவிடும்தானே?' என்பது போல விழும். சொல்பவர் தன் நம்பிக்கையைச் சொல்லிவிட்டு, எதிராளி ஆமாம் போடக் காத்திருக்கிறார். சில நேரம் வியப்பும் சேரும்: 'ஷ்யூர்லி யூ ஆர் நாட் லீவிங் ஆல்ரெடி?' என்றால் 'அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா என்ன?' பந்தியில் பாதியில் எழுந்தால் நம் ஆச்சிகள் கேட்கிற அதே தொனி.

உங்களுக்கு வேண்டியது டெஃபினிட்லி. கொஞ்சம் மரியாதை தொனிக்க வேண்டுமென்றால் சர்ட்டன்லி. இரண்டுமே 'வில்'லுக்குப் பின்னால் வரும்: 'தி கார் வில் டெஃபினிட்லி பி தேர்'. 'வோன்ட்' வந்தால் மட்டும் அதற்கு முன்னால்: 'இட் டெஃபினிட்லி வோன்ட் பி லேட்'. அப்புறம், டெஃபினிட்லி (definitely) எழுத்துக்கூட்டலில் 'ஏ' (a) கிடையாது. உள்ளே 'ஃபைனைட்' (finite) ஒளிந்திருக்கிறது, பாருங்கள்.

என்னைக் கேட்டால், இந்த இடத்தில் எந்தச் சொல்லும் வேண்டாம். கார் நிற்பது செட்டிநாடு ஸ்டேஷன் வாசலிலா, மதுரை ஏர்போர்ட்டிலா, எத்தனை மணிக்கு, டிரைவர் நம்பர் என்ன என்று எழுதி இன்றைக்கே ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.