விளையாட்டுக்கு வேகமான மானிட்டர்: வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): ஐயா, 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) திரையிலிருந்து 144க்கு மாறினால் போதுமா, கடன் வாங்கியாவது 240 எடுக்கலாமா?

பதில்: கடன் வேண்டாம், தம்பி. 60 ஹெர்ட்ஸ் திரை சுமார் 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 144இல் அந்த இடைவெளி 6.9 ஆகவும், 240இல் 4.2 ஆகவும் குறைகிறது. முதல் மாற்றத்தில் கிட்டத்தட்ட 10 மில்லிவினாடி மிச்சமாகிறது, அடுத்ததில் 3கூட மிச்சமில்லை. வாங்குவதற்கு முன் வி-சிங்க்கை (படங்களின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டில் எத்தனை எஃப்பிஎஸ் (கணினி வினாடிக்கு உருவாக்கும் படங்கள்) வருகிறது என்று பாருங்கள். விளையாட்டின் படத்தரத்தைக் குறைத்தும் 80ஐத் தாண்டவில்லை என்றால், அந்தப் பணம் முதலில் படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகவேண்டியது.

கேள்வி (குடியாத்தம்): பெட்டியில் நிறம் மாறும் நேரம் (ரெஸ்பான்ஸ் டைம்) 1 மில்லிவினாடி என்று அச்சிட்டிருந்தார்கள். ஆனாலும் இருட்டான காட்சிகளில் உருவங்களின் பின்னால் கறை இழுபடுகிறது. ஏன்?

பதில்: உங்கள் திரை விஏ பேனலாக (எல்சிடி திரையில் ஒரு வகை) இருக்கக்கூடும். கருமையிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதில் அந்த வகை இயல்பாகவே மெதுவானது. பெட்டியில் உள்ள 1 என்பது பெரும்பாலும் ஓவர்டிரைவை (நிறமாற்றத்தை விரைவுபடுத்தும் அமைப்பு) உச்சத்தில் வைத்து எடுத்த மிகச் சிறந்த அளவாகவோ, பின்னொளியை விட்டு விட்டு ஒளிரச்செய்து கணக்கிட்ட எம்பிஆர்டி (நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்ற) அளவாகவோ இருக்கும். எல்லா நிறமாற்றங்களுக்கும் அது பொருந்தாது. மானிட்டரின் மெனுவில் ஓவர்டிரைவை நடுநிலையில் வையுங்கள். உச்சத்துக்கு ஏற்றினால், கறைக்குப் பதிலாக உருவத்தைச் சுற்றி வெளிறிய நிழல் தோன்றும். விஏ பேனலின் ஆழ்ந்த கருமை படம் பார்க்க அருமையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளே முதன்மை என்பவருக்கு, அதே விலையில் நல்ல ஐபிஎஸ் (மற்றொரு எல்சிடி வகை) பேனலையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

கேள்வி (ஆற்காடு): 165 ஹெர்ட்ஸ் வாங்கியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பதில்: விண்டோஸ் பல நேரங்களில் 60இலேயே நின்றுவிடும், டிஸ்ப்ளே அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் 165ஐ நீங்களே தேர்ந்தெடுக்கவேண்டும். அந்த எண்ணே பட்டியலில் இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு முழு எச்டியில் பொதுவாக 120 வரைதான் தாங்கும். டிஸ்ப்ளே போர்ட் கேபிளே உத்தமம். அதை மதர்போர்டில் அல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டிலேயே செருகியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். ஃப்ரீசிங்க் (திரையின் வேகத்தை எஃப்பிஎஸ்ஸோடு ஒத்துப்போகச் செய்யும்) வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்; எஃப்பிஎஸ் ஏறி இறங்கும்போது படம் கிழிபடாது.

கேள்வி (ராணிப்பேட்டை): பிளேஸ்டேஷன் 5க்கு 240 ஹெர்ட்ஸ் தேவையா?

பதில்: தேவையில்லை. அது 120க்கு மேல் அனுப்பாது.

கேள்வி (சத்துவாச்சாரி): மேற்குப் பார்த்த அறை. மாலை வெயிலில் திரையே தெரிவதில்லை.

பதில்: நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு 250 நிட்ஸ் (திரை ஒளிர்வின் அலகு) திணறும், 350ஐ ஒட்டிய, பளபளப்பில்லாத மேட் திரையைத் தேடுங்கள். சன்னலுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தாலே பாதிக் குறை தீரும். கடையிலேயே திரையை இயக்கி, முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் செத்த பிக்சல் (நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி) உண்டா என்று பார்த்து, எத்தனை பிக்சல் பழுதானால் மாற்றித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.