ரத்தமா, இதயமா, பக்கவாதமா: இந்த ஆய்வை எங்கே சேர்ப்பது?

வாசகர் கேள்வி: லண்டனில் மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் ஒரு அறக்கட்டளையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. படித்தது உயிர்வேதியியல். ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தையும் ரத்தம், இதயம், பக்கவாதம் என்று பிரித்துக் குறியீடு போடச் சொல்லியிருக்கிறார்கள். பாதித் திட்டங்கள் மூன்றிலுமே சேரும்போல இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை. ரத்தம் குழாய்க்குள் ஓடுகிறது, இதயம் அதைத் தள்ளுகிறது, அந்தக் குழாய் மூளையில் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ பக்கவாதம். ஒரே ஓட்டத்தை மூன்று துண்டாக வெட்டச் சொல்கிறார்கள், அதனால் எங்கே வெட்டுவது என்று முதலில் ஒரு விதி வேண்டும்.

பிரிட்டனில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் எச்ஆர்சிஎஸ் (HRCS) என்ற, மருத்துவ ஆய்வுகளை வகைப்படுத்தும் முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள், உங்கள் இடத்திலும் அதுவாகத்தான் இருக்கும். அதில் 21 நோய்ப் பிரிவுகள், ரத்தம், இதய ரத்தநாளம், பக்கவாதம் மூன்றும் தனித்தனி. முக்கியமான விதி ஒன்றுதான்: ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறதோ அதற்குக் குறியீடு போடுங்கள். பின்னால் ஒருநாள் யாருக்குப் பயன்படும் என்பதற்குப் போடாதீர்கள்.

சொல்ல எளிது, விண்ணப்பத்தைக் கையில் எடுத்தால்தான் சிக்கல் தெரியும். முதல் பத்தியைப் பாருங்கள், அநேகமாக "உலகில் அதிகம் பேரைக் கொல்வது இதய நோய்" என்றுதான் தொடங்கும். அது நிதி கேட்பதற்கான முன்னுரை, ஆய்வு அல்ல. நான் அதைத் தாண்டி நேராக நோக்கம் எழுதியிருக்கும் இடத்துக்குப் போய், "கண்டறிவோம்", "ஒப்பிடுவோம்", "அளப்போம்" மாதிரியான வினைச்சொல் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அந்த வினைக்கு முன்னால் நிற்கிற பொருள் எதுவோ அதுதான் பிரிவு.

ஒரு உதாரணம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மருந்துகளைக் கொடுத்து, யாருக்குப் பக்கவாதம் குறைகிறது என்று ஒப்பிடும் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். இந்த நோயில் இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் படபடக்கும், அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய் அடைக்கும். மூன்றும் வந்துவிட்டது, இல்லையா? ஆனால் ஆய்வு கேட்பது என்ன? இதய நோயாளிகளிடம் பக்கவாதம் குறையுமா என்பதுதான். எனவே இதயம், பக்கவாதம் இரண்டும் போதும். ரத்தம் எப்படி உறைகிறது என்று இந்த ஆய்வு எங்கும் கேட்கவில்லை, மருந்து அந்த வழியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். அதே மருந்து ரத்தத் தட்டணுக்களை என்ன செய்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்தால் மட்டும் அது ரத்தம்.

இன்னொன்று சிக்கிள் செல் ரத்தசோகை, சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு மாறிவிடும் பரம்பரை நோய். இதில் சிறு பிள்ளைகளுக்கே பக்கவாதம் வரும். தலைமேல் ஸ்கேன் கருவியை வைத்து மூளை ரத்தநாளத்தில் ஓட்ட வேகத்தைப் பார்த்து, நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டிய குழந்தைகளுக்கு முன்கூட்டியே தொடர்ந்து ரத்தம் ஏற்றியபோது, முதல் பக்கவாதம் வரும் ஆபத்து 92 சதவீதம் குறைந்தது என்று 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இது ரத்தமும் பக்கவாதமும். இதயம் இங்கே வரவே வராது.

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது கால் சிரையில் ரத்தம் உறையும் டிவிடி (DVT, ஆழ்சிரை ரத்த உறைவு) விஷயத்தில்தான். சிரைக்குள் நடப்பதால் ரத்தநாளம் என்று போடத் தோன்றும். எச்ஆர்சிஎஸ்-ல் சிரையில் உறைவதும் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவதும் ரத்தப் பிரிவு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி 10-ல் இதே இரண்டும் இதய, ரத்த ஓட்ட நோய்களின் அத்தியாயத்தில் இருக்கும். மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் தேடப் பயன்படும் மெஷ் தலைப்புகளிலும் ரத்தநாள நோய்களுக்குக் கீழேதான். அதனால் வேறு பட்டியலில் இருந்து குறியீட்டை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், தப்பாகத்தான் போகும். லுக்கேமியாவும் இப்படித்தான், பெயரைக் கேட்டால் ரத்தம், ஆனால் சேர வேண்டியது புற்றுநோயில்.

பக்கவாதத்தின் கதை இன்னும் விசித்திரம். ஐசிடி 10-ல் பக்கவாதம் ரத்த ஓட்ட நோய்களில் இருந்தது, சில நிமிடங்களில் சரியாகிவிடும் தற்காலிக அடைப்பான டிஐஏ (TIA) மட்டும் நரம்பு நோய்களில் இருந்தது. ஒரே நோயின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் வேறு வேறு அத்தியாயங்களில்! அடைப்பு குழாயில் என்றாலும் சாவது மூளைத் திசுதானே என்று நரம்பியல் மருத்துவர்கள் வாதாடினார்கள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி 11-ல் இரண்டும் நரம்பு மண்டல அத்தியாயத்துக்கு வந்துவிட்டன. மெஷ் பக்கவாதத்தை இரண்டு கிளைகளிலுமே வைத்திருக்கிறது. எனக்குக் கேட்டால் எச்ஆர்சிஎஸ் செய்ததுதான் சரி, தனிப் பிரிவு. இதயத்தோடு சேர்த்துவிட்டால் பக்கவாத ஆய்வுக்கு எவ்வளவு பணம் போகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. நம் சொல்லையும் கவனியுங்கள், பக்கவாதம் என்பது ஒரு பக்கம் விழுந்துபோவதை, அதாவது விளைவைச் சொல்லும் சொல். முகவாதம் என்று நாம் சொல்வதோ முகநரம்பு சம்பந்தப்பட்டது, பெரும்பாலும் பக்கவாதமே அல்ல. தமிழில் யோசித்துக்கொண்டு குறியீடு போடும்போது இது காலை வாரும்.

சரி, ஒரு திட்டத்துக்கு எத்தனை பிரிவு போடலாம்? அதிகபட்சம் ஐந்து. வழக்கமாகப் பணத்தைச் சமமாகப் பங்கிடுவார்கள், அதனால் பாதுகாப்புக்காக மூன்றையும் டிக் செய்தால் ஒன்றரை லட்சம் பவுண்டில் ஐம்பதாயிரம், சம்பந்தமே இல்லாத பிரிவின் கணக்கில் ஏறிவிடும். இந்தக் குறியீடுகளைக் கூட்டித்தான் பிரிட்டனின் ஆய்வு நிதிக் கணக்கு எடுக்கிறார்கள். 2004-05 செலவை வைத்து முதல் தேசியக் கணக்கு வந்தது, பிறகு 2009-10, 2014, 2018, 2022 ஆண்டுகளுக்கும் எடுத்தார்கள். எந்த நோய்க்குப் பணம் குறைகிறது என்று அந்த எண்களை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.

நோய்ப் பிரிவோடு ஆய்வு வகைக்கும் ஒரு குறியீடு போட வேண்டும். எலியில் புது மருந்தைச் சோதித்தால் 5-ஆம் தொகுதி, நோயாளிகளிடம் சோதித்தால் 6. அது அவ்வளவு தொல்லை தராது.

நாளையிலிருந்தே ஒன்று செய்யுங்கள். குறியீட்டுக்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரே வரி எழுதி வையுங்கள், "இதய நோயாளிகள், அளப்பது பக்கவாதம்" என்கிற அளவுக்குப் போதும். அப்புறம் மாதம் ஒருமுறை பழைய திட்டங்களில் இருபதை எடுத்து, குறியீட்டை மறைத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து அவரையும் போடச் சொல்லுங்கள். இருவரும் எதில் வேறுபடுகிறீர்களோ அதை மட்டும் உட்கார்ந்து பேசி, முடிவைத் தேதியோடு ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். அடுத்த டிவிடி விண்ணப்பம் வரும்போது முதலில் திறக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.