ஐந்து கினி

அன்புள்ள அண்ணாச்சி,

நீங்கள் சொல்லித்தான் ஏ.ஜே. குரோனினின் 'தி சிட்டாடல்' என்ற ஆங்கில நாவலை வாசித்தேன். கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, அகராதியும் கையுமாக இரண்டு மாதம். வேல்ஸ் சுரங்க ஊரில் டைபாய்டு பரப்பிய சாக்கடையை நண்பனோடு சேர்ந்து வெடிவைத்துத் தகர்த்த டாக்டர் மான்சன், லண்டனுக்குப் போனதும் பணக்காரப் பெண்களுக்கு வேண்டாத ஊசி போடுகிறான். செத்துப்போவதோ கடைக்காரர் விட்லரும் மனைவி கிறிஸ்டினும். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் நெய்யூரில் சாமர்வெல் டாக்டர் இருந்திருக்கிறார். இப்படி ஒருவனை ஏன் கதாநாயகனாக்க வேண்டும்?

திங்கள்சந்தையிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரன்

அன்புள்ள தம்பி,

சாமர்வெல் 1922இல் எவரெஸ்ட் ஏறப்போய், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அவ்வளவு கூட்டத்துக்கு ஒரே ஒரு சர்ஜன். லண்டனில் காத்திருந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பெரிய முடிவுதான். ஆனால் ஒரே முடிவு. நாவலாசிரியனுக்கு அங்கே வேலை கம்மி. மான்சன் கெட்டுப்போவது என்று எந்த இடத்திலும் முடிவு எடுப்பதே இல்லை. பையப் பைய வழுக்கிப் போகிறான். அதனால்தான் 1937இல் வந்த நாவல் இன்றைக்கும் நமக்குச் சங்கடமாக இருக்கிறது.

மான்சன் ஏற்பாடு செய்த சர்ஜனின் கையில் விட்லர் ஆபரேஷன் மேசையில் சாகிற இடத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். நான் திரும்பத் திரும்பப் போவது ஐந்து கினிக்கு. கினி என்பது அந்தக் கால இங்கிலாந்துப் பணம். சுரங்கத் தொழிலாளி ஜோ மார்கன் வீட்டில் குழந்தை உயிரில்லாமல் பிறக்கிறது. காகிதத்தில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். மான்சன் அதை இழுத்தெடுத்து வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறி மாறி முக்குகிறான், முரட்டுத் துண்டால் தேய்க்கிறான், கடைசியில் ஒரு மூச்சு வருகிறது. அதற்காக ஜோ மனமுவந்து கொடுத்த ஐந்து கினி செக்கைத்தான், அவன் உதவியாளனாக வேலைபார்த்த டாக்டர் பேஜின் வீட்டுப் பெண்மணி பிளாட்வென், தங்களுக்குச் சேரவேண்டிய பணத்தைத் திருடியது என்கிறாள். லண்டனில் அவன் ஊசிக்கும், கூட்டாளி டாக்டர்களோடு பங்குபோடும் பீசுக்கும் வாங்குவது அதைவிட எவ்வளவோ அதிகம். அங்கே ஒருத்தரும் திருடன் என்று சொல்லவில்லை. கோட்டும் காரும் வந்துவிட்டதே!

போன வருடம் அம்மாவை நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேசையில் ஒரு ஸ்கேன் சென்டரின் பெயர் அச்சடித்த சீட்டுக்கட்டு. மேல் சீட்டைக் கிழித்து எழுதினார். "போன மாசம் எடுத்ததே இருக்கு டாக்டர்" என்று கவரை நீட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை. "இங்கே எடுத்தாத்தான் கிளியரா இருக்கும்." இருபது வருடத்துக்கு முன்னால் என் அப்பாவுக்கு மூச்சு முட்டிய ராத்திரியில், கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் வந்தவர் இதே டாக்டர்தான். பணத்தை நீட்டியபோது, ஒரு சாயா போதும் என்று திண்ணையிலேயே குடித்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று எனக்கு இன்னும் மனசில் ஒட்டவில்லை. எந்த வருடம், எந்தச் சீட்டில் அவர் மாறினார்? கேட்டால் அவருக்கே தெரியாது. ஸ்கேன் எடுத்தோம், அது வேறு விஷயம்.

அப்புறம், மான்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். கிறிஸ்டின் அவனுக்குப் பிடித்த சீஸ் வாங்கப்போய்த்தான் பஸ்ஸில் அடிபடுகிறாள், அதுவும் அவன் திருந்திய பிறகு. பிறகு அவளுடைய கைப்பையைத் திறக்கிறான். பழைய போட்டோக்கள். அவற்றோடு, சுரங்க ஊர் நோயாளிகள் கிறிஸ்துமஸ் பரிசோடு அவனுக்கு எழுதிய நன்றிச் சீட்டுகள். அவன் அதையெல்லாம் மறந்தே போயிருந்தான். அவள் லண்டன் முழுக்கப் பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். அகராதி வேண்டியிருக்காது.